இரவு வானத்தைப் படமெடுக்கும் முன்: கேமராத் தயாரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாணியம்பாடி, நாட்றம்பள்ளி, குப்பம், வி.கோட்டா என்று தமிழ்நாடும் ஆந்திரமும் தொட்டுக்கொள்ளும் ஊர்களில் தொலைநோக்கி வைத்திருக்கும் நண்பர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் கட்டத்தைத் தாண்டி, கேமராவைப் பொருத்தப் போகிறவர்களுக்கு இது உதவும்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று. கேமரா வானத்தை மட்டும் பதிவதில்லை. தன் சூட்டையும், தன் மேல் கிடக்கும் தூசையும், தன் மின்சுற்றின் இரைச்சலையும் சேர்த்தே பதிகிறது. எது வானம், எது கேமரா என்று பிரிக்க முடிந்தால்தான் அந்தப் படத்தை நம்பலாம். அந்தப் பிரிப்புக்கான வேலையில் பெரும்பகுதி வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும்.

பகலிலேயே முடிக்க வேண்டியது என்ன?

கேமரா, ஃபில்ட்டர், இடைவளையங்கள் எல்லாவற்றையும் தொலைநோக்கியில் பூட்டி, லேப்டாப்பில் இணைத்து, மூடி போட்டபடியே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். டிரைவர் அப்டேட், கேபிள் தளர்வு, ஒத்துவராத மரை என்று எல்லாத் தகராறும் அந்த ஒரு படத்தில் வெளியே வந்துவிடும். கேமராவுக்குள் சென்சாரைக் குளிர வைக்கும் குளிர்விப்பானை ஓட்டிப் பாருங்கள். பிறகு, தூரத்தில் தெரியும் செல்போன் டவர் உச்சியை வைத்து ஏறக்குறைய ஃபோகஸ் செய்து, குழாயில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் தொலைநோக்கியைத் திருப்பவே கூடாது.

படத்தில் வட்ட வட்டமாகக் கறை தெரிகிறது. சென்சாரைத் துடைக்கலாமா?

முதலில் தூசு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். சென்சாரைத் தொடுவது கடைசி வழி.

கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. கறை வட்டத்தின் விட்டம் எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். அதைப் பிக்சல் அளவால் பெருக்கி, தொலைநோக்கியின் எஃப் எண்ணாலும் (குவியத் தூரத்தை முகப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவது) பெருக்குங்கள். சென்சாரிலிருந்து தூசு இருக்கும் தூரம் கிடைத்துவிடும். 3.76 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவில், எஃப் 6 தொலைநோக்கியில், 100 பிக்சல் அகல வட்டம் தெரிந்தால் தூசு சுமார் 2.3 மி.மீ. தள்ளி இருக்கிறது. அதாவது சென்சாருக்கு முன்னால் உள்ள காப்புக் கண்ணாடியிலோ அதை ஒட்டியோ இருக்கிறது. 1000 பிக்சல் அகலத்தில் மங்கலான பெரிய வட்டம் என்றால் 2 செ.மீ.க்கு மேல் தள்ளி, பெரும்பாலும் ஃபில்ட்டரில். முகப்புக் கண்ணாடியில் உள்ள தூசு இப்படி வட்டமாகத் தெரியவே தெரியாது. அதனால் அதை அடிக்கடி துடைத்துக் கெடுக்காதீர்கள்.

துடைக்கும் அறையில் தரையை ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து உட்காருங்கள். கேமராவின் முகம் தரையைப் பார்க்கட்டும். ரப்பர் ஊதுகுழலால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி ஒட்டும். கேன் காற்றில் திரவம் தெறிக்கும். ஊதியும் போகாததற்கு மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட சென்சார் துடைப்பான் போதும். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு வட்டத்தை, சீரான வெளிச்சத்தை நோக்கி எடுக்கும் ஃபிளாட் படம் பார்த்துக்கொள்ளும்; அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

கதிரடிக்கும் நாட்களில் கொல்லைமேட்டில் கேமராவைக் கழற்றி மாட்டாதீர்கள். ஃபில்ட்டர் மாற்றும் வேலை இருந்தால் வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

குளிர்விப்பானை எத்தனை டிகிரியில் வைப்பது? விளம்பரத்தில் மைனஸ் 20 என்று போட்டிருக்கிறதே?

விளம்பரத்தில் உள்ளது குளிர்நாட்டு இரவுக்குப் பொருந்தும். இந்தக் கேமராக்களில் உள்ள பெல்டியர் குளிர்விப்பான் வெளிக்காற்றைவிட 30 முதல் 35 டிகிரி வரைதான் இறக்கும். சித்திரையில் நம் பக்கம் முன்னிரவில் வெளிக்காற்றே 25 டிகிரிக்கு மேல் நிற்பதுண்டு. அப்போது மைனஸ் 10 கேட்டால் குளிர்விப்பான் முழு சக்தியில் ஓடியும் எட்டாது, அல்லது எட்டிவிட்டு நிலையாக நிற்காது.

நிலையாக நிற்பதுதான் முக்கியம். சென்சாரின் இருள் மின்னோட்டம் (வெளிச்சமே இல்லாதபோதும் சூட்டால் உண்டாவது) ஏறக்குறைய ஒவ்வொரு 6 டிகிரிக்கும் இரட்டிக்கும். 25 டிகிரியிலிருந்து மைனஸ் 5க்கு இறக்கினால் 30 டிகிரி வித்தியாசம். ஐந்து முறை பாதியாகி 32இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பெரிய ஆதாயம் அங்கேயே கிடைத்துவிட்டது. அதற்குக் கீழே இன்னும் 5 டிகிரி இறக்கப் பாடுபடுவதைவிட, இரவு முழுவதும் ஒரே வெப்பநிலையில் நிற்பது நல்லது. ஏனென்றால் மூடி போட்டு எடுக்கும் டார்க் படமும் வானப் படமும் ஒரே வெப்பநிலையில் எடுக்கப்பட்டிருந்தால்தான் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க முடியும்.

எங்கள் வழக்கம் இது: பங்குனி முதல் வைகாசி வரை 0 டிகிரி, மார்கழி, தை மாதங்களில் மைனஸ் 10. குளிர்விப்பான் காட்டும் சக்தி 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 5 டிகிரி ஏற்றி வையுங்கள். ஒரே மூச்சில் இறக்காமல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் படிப்படியாக இறக்குங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் இதற்கு வசதி உண்டு.

நடுராத்திரியில் படத்தின் நடுவே மூட்டமாகிவிடுகிறது. ஏன்?

பனி. வெளிக்காற்று 22 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் பனிநிலை 16 டிகிரி அளவில் இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்த எந்தக் கண்ணாடியிலும் நீர் படியும். சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடி உள்ளிருந்து குளிர்வதால் முதலில் அதுதான் மாட்டும்.

மூட்டம் வெளியிலா உள்ளேயா என்று பாருங்கள். வெளியில் என்றால் கேமராவின் கண்ணாடிச் சூடேற்றியை இயக்கினால் தெளியும். அது இல்லாத கேமராவில் குளிர்ச்சியை 5 டிகிரி குறைத்துப் பாருங்கள். உள்ளே என்றால், அல்லது சென்சார் மேலேயே நட்சத்திர வடிவில் உறைபனி தெரிந்தால், உள்ளறையில் இருக்கும் சிலிக்கா ஜெல் ஈரமாகிவிட்டது. அதை வெளியே எடுத்து, கையேட்டில் சொல்லியபடி சூடாக்கி உலர்த்தி, காற்றுப் புகாமல் மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்ததும், பருவத்தின் முதல் இரவுக்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது. மழை மாதங்களில் கேமரா பெட்டிக்குள்ளேயே ஈரம் இழுத்திருக்கும்.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஏ.சி. காரில் வருகிறவர்களுக்கு இன்னொன்று: இறங்கியதும் பெட்டியைத் திறக்க வேண்டாம். மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வையுங்கள். சில்லென்று இருக்கும் கண்ணாடியில் வெளிக்காற்று பட்டால் அப்போதே வேர்த்துவிடும்.

டார்க் படம் தினமும் எடுக்க வேண்டுமா?

குளிர்விக்கும் கேமராவுக்கு வேண்டாம். வெப்பநிலை, கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு), ஆஃப்செட் (பிக்சல் எண்கள் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் கூட்டி வைக்கும் அளவு), படமெடுக்கும் நேரம் நான்கும் அப்படியே இருக்கும்வரை பழைய டார்க் செல்லும். மேகமான ஒரு இரவில், அல்லது பகலில் கேமராவைக் கழற்றி உலோக மூடி போட்டு, கறுப்புத் துணி சுற்றிப் பீரோவுக்குள் வைத்து 30 முதல் 50 வரை எடுத்துச் சேமியுங்கள். பிளாஸ்டிக் மூடி அகச்சிவப்பு ஒளியைக் கசியவிடும்; பகலில் அதை நம்பாதீர்கள். வெளிச்சமில்லாமலே பளிச்சென்று தெரியும் சூடான பிக்சல்கள் நாளாக நாளாகப் பெருகும் என்பதால் வருடத்துக்கு ஓரிரு முறை புதிதாக எடுப்பது போதும்.

ஃபிளாட் எடுப்பதை விட்டுவிடலாமா? மென்பொருளே ஓரங்களைச் சரி செய்கிறதே?

விடக் கூடாது. நண்பர்கள் அதிகம் தவிர்ப்பது இதைத்தான். எங்கள் அனுபவத்தில் ஒரு படத்தை அதிகம் காப்பாற்றுவதும் இதுதான்.

மென்பொருள் செய்வது ஊகம். ஓரம் இருட்டாக இருப்பதைப் பார்த்து, அதை வெளிச்சமாக்குகிறது. ஆனால் ஓரியன் வாயுமேகத்தின் மங்கிய புறப்பகுதியும் அப்படித்தான் மெல்ல மங்கும். எது லென்ஸின் நிழல், எது வானத்தின் உண்மை என்று மென்பொருளுக்குத் தெரியாது. சீரான வெளிச்சத்தை நோக்கி எடுத்த ஃபிளாட் படத்தில் வானமே இல்லை. தொலைநோக்கியும் தூசும் மட்டும்தான் உண்டு. வானப் படத்தை அந்த ஃபிளாட்டால் வகுத்தால் வானம் மட்டும் மிஞ்சும்.

எடுக்கும் விதம்: தொலைநோக்கியை நேர் மேலே திருப்பி, வாய்க்கு மேல் வெள்ளை வேட்டியை இரண்டு மூன்று மடிப்பாகச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, அதன்மேல் படம் வரையப் பயன்படுத்தும் எல்.இ.டி. பலகையை வையுங்கள். நீலம் போடாத வேட்டியாக இருந்தால் நல்லது. 16 பிட் படத்தில் சராசரி அளவு 20,000 முதல் 30,000க்குள் வரும்படி நேரத்தைச் சரிசெய்யுங்கள். எல்.இ.டி. கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால் மிகக் குறைந்த நேரத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். வேட்டி மடிப்பைக் கூட்டி, ஒரு படத்துக்கு 2 அல்லது 3 நொடி ஆகும்படி வெளிச்சத்தைக் குறையுங்கள். 30 படம் போதும்.

அந்தி வானத்தை நோக்கியும் எடுக்கலாம். ஆனால் நம் அகலாங்கில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் சட்டென்று இருட்டிவிடும். பல ஃபில்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்த நேரம் போதாது.

ஃபிளாட்டும் வானப் படமும் ஒரே ஃபோகஸில், கேமரா ஒரே கோணத்தில் திரும்பியிருக்க எடுத்தவையாக இருக்க வேண்டும். கேமராவைக் கழற்றி மாட்டினால் பழைய ஃபிளாட் செல்லாது. எனவே விடியற்காலையில் கேமராவைக் கழற்றும் முன் எடுத்துவிடுங்கள். தூக்கம் கண்ணைக் கட்டும் நேரம்தான். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டால் அந்த இரவுக்கு ஈடு கிடையாது.

பயாஸ் படம்?

மூடி போட்டு, மிகக் குறுகிய நேரத்தில் எடுப்பது பயாஸ் படம். பழைய சி.சி.டி. கேமராவுக்கு வேண்டும். இப்போதுள்ள சிமாஸ் கேமராக்கள் பல, மிகக் குறுகிய நேரத்தில் வேறு விதமாக நடந்துகொள்ளும். அதற்குப் பதில், ஃபிளாட் எடுத்த அதே நேர அளவில் மூடி போட்டு 30 படம் எடுங்கள்.

கெயின் எவ்வளவு, ஒரு படம் எத்தனை நொடி?

கேமராவின் கையேட்டில் வாசிப்பு இரைச்சல் (சென்சாரிலிருந்து படத்தைப் படித்தெடுக்கும்போது சேரும் இரைச்சல்) வரைபடம் இருக்கும். ஐ.எம்.எக்ஸ். 571, 533 போன்ற சென்சார் உள்ள பல கேமராக்களில் கெயின் 100 என்ற இடத்தில் இரைச்சல் சட்டென்று படியிறங்கும். அங்கே வையுங்கள். ஆஃப்செட்டை, டார்க் படத்தில் எந்தப் பிக்சலும் பூஜ்யத்தைத் தொடாத அளவுக்கு உயர்த்தி, பிறகு மாற்றாமல் விட்டுவிடுங்கள்.

நேரத்துக்கு ஒரு அளவுகோல்: ஒரு படத்தில் வானத்தின் பின்னணி வெளிச்சம் தரும் எலக்ட்ரான் எண்ணிக்கை, வாசிப்பு இரைச்சலின் வர்க்கத்தைப் போல் 10 மடங்காவது இருக்கட்டும். இரைச்சல் 1.5 எலக்ட்ரான் என்றால் 23 போதும். 3 என்றால் 90 வேண்டும். அதற்குமேல் நீட்டினால் பிரகாசமான நட்சத்திரங்கள் நிறைந்து வழியும், ஆதாயம் சொற்பம். நெடுஞ்சாலைக்கும் ஊர் விளக்குக்கும் பக்கத்தில் என்றால் இந்த அளவு சீக்கிரம் வந்துவிடும். மலையடிவாரத்தில் நீட்டிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு சில படத்துக்கும் இடையே தொலைநோக்கியைச் சில பிக்சல் நகர்த்துங்கள். டார்க்கில் கழியாத சூடான பிக்சல்களும், படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்க்கும்போது மறைந்துவிடும்.

ஃபோகஸ் ஒரு முறை வைத்தால் போதாதா?

போதாது. எஃப் 6 தொலைநோக்கியில் ஃபோகஸ் சரியாக இருக்கும் இடம் சுமார் 0.1 மி.மீ. ஆழம்தான்; எஃப் 4 என்றால் அதில் பாதிகூட இல்லை. இரவு குளிரக் குளிரக் குழாய் சுருங்கும். பாஹ்டினோவ் மறைப்பை (வரிவரியாகக் கீறல் வெட்டிய தட்டு) முகப்பில் மாட்டி, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தில் நடுக்கோடு மற்ற இரண்டு கோடுகளின் நடுவே வரும்படி வையுங்கள். வெப்பநிலை 2 டிகிரி இறங்கினால் மறுபடி பாருங்கள். தொலைநோக்கியை இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிட்டால் இந்த அலைச்சல் குறையும்.

ஓரத்து நட்சத்திரங்கள் மட்டும் நீண்டு தெரிகின்றன.

படத்தின் ஓரம்வரை ஃபோகஸைச் சமதளமாக்கும் லென்ஸிலிருந்து சென்சார்வரை உள்ள தூரம் தவறு. பெரும்பாலான லென்ஸ்களுக்கு அது 55 மி.மீ. இடையில் 3 மி.மீ. தடிமன் ஃபில்ட்டர் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு கூட்டி 56 ஆக்குங்கள். அரை மி.மீ. வளையங்கள் கைவசம் வைத்திருங்கள்.

துருவ நட்சத்திரமே தெரியவில்லை. தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட்டை வடதுருவத்துக்கு நேராக எப்படிச் சரி செய்வது?

நம் அகலாங்கு 12.7 டிகிரி சுற்று வட்டாரம் என்பதால் துருவ நட்சத்திரமும் அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும். வடக்கே ஒரு குன்றோ மாந்தோப்போ இருந்தால் மறைந்துவிடும். கேமராவே இதற்கு வழி செய்யும்: வானத்தில் எங்கேனும் மூன்று இடங்களில் படமெடுத்து, நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லும் வசதி இலவச மென்பொருள்களிலேயே உண்டு. துருவ நட்சத்திரம் தேவையில்லை.

வடக்கு தாழ்ந்த அளவுக்குத் தெற்கு நமக்கு உயர்ந்திருக்கிறது. ஒமேகா செண்டாரி நட்சத்திரக் கொத்து சித்திரை இரவுகளில் தெற்கே சுமார் 30 டிகிரி உயரத்துக்கு வரும். அகத்திய நட்சத்திரம் தை, மாசி இரவுகளில் 25 டிகிரி. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருக்கும் ஆர்வலர்கள் பார்க்கவே முடியாதவை இவை. இடம் தேர்ந்தெடுக்கும்போது தெற்கு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கரண்ட் இல்லாத கொல்லையில் இரவு முழுவதும் எப்படி ஓட்டுவது?

குளிர்விப்பான் முழுச் சக்தியில் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் வரை இழுக்கும். மவுண்ட், பனி விலக்கும் சூட்டுப் பட்டை எல்லாம் சேர்த்து 5 ஆம்பியர் என்று வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 40 ஏ.எச். (ஆம்பியர்-மணி) ஆகிறது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் 50 ஏ.எச். போதும். ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும்; 100 ஏ.எச். வேண்டும்.

ஒயர் தடிமனை யாரும் கவனிப்பதில்லை. 1 சதுர மி.மீ. ஒயரை 10 மீட்டர் இழுத்து 5 ஆம்பியர் ஓட்டினால் போய்வரும் வழியில் ஒன்றே முக்கால் வோல்ட் விழுந்துவிடும். குளிர்விப்பான் தடுமாறுவதும், கேமரா திடீரென்று துண்டிக்கப்படுவதும் பல நேரம் இதனால்தான். 2.5 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள், பேட்டரியைத் தொலைநோக்கிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

லேப்டாப்பில் என்ன பார்க்க வேண்டும்?

தானாக உறங்கும் அமைப்பையும் விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்துங்கள். 26 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் 52 எம்.பி.; நூறு படத்துக்கு 5 ஜி.பி.க்கு மேல். யு.எஸ்.பி. 3 கேபிள் 3 மீட்டரைத் தாண்ட வேண்டாம். வானியல் படங்களுக்கான ஃபிட்ஸ் வடிவத்தில் சேமியுங்கள். வெப்பநிலை, கெயின், நேரம் எல்லாம் கோப்பின் தலைப்பிலேயே பதிவாகும்.

கடிகாரத்தை இணையத்திலோ ஜி.பி.எஸ்.ஸிலோ சரிபாருங்கள். கோப்பில் இந்திய நேரத்துக்கு 5.30 மணி பின்னால் உள்ள யு.டி.சி. நேரம்தான் இருக்க வேண்டும். அழகுக்காக எடுக்கும் படத்துக்கு இது பெரிதல்ல. ஆனால் வெளிச்சம் கூடிக் குறையும் மாறும் விண்மீனின் ஒளியை அளக்கிறீர்கள் என்றால் நேரம் குறிக்காத அளவீட்டுக்கு மதிப்பில்லை. 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறு விண்மீன் பார்வையாளர் சங்கம் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் அளவீடுகளை ஏற்கிறது. அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது நமக்கு இரவு. வடமகுட விண்மீன் கூட்டத்தில் 1866இலும் 1946இலும் வெடித்துப் பிரகாசித்த டி விண்மீன் போன்றவற்றுக்கு அந்த இடைவெளியை நிரப்பும் கேமராக்கள் வேண்டும். இதைச் செய்ய நம் ஊர்க் கேமராக்கள் தகுதியானவை என்று நாங்கள் முழுமனதாக நம்புகிறோம்.

என்னிடம் சாதாரண டி.எஸ்.எல்.ஆர். தான் இருக்கிறது.

தாராளமாகப் போதும். ரா வடிவத்தில் (கேமரா திருத்தாத மூலப் பதிவு) எடுங்கள். வெப்பநிலையைக் கட்டுப்படுத்த முடியாததால் டார்க் படங்களை அதே இரவில், அதே இடத்தில், நடுவிலும் கடைசியிலுமாக எடுங்கள். கேமராவுக்குள் இருக்கும் இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வானம் பார்க்கும் நேரத்தில் பாதியை அது தின்றுவிடும்.

பக்கத்தில் காவலூர் ஆய்வகம் இருக்கிறது. அவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்தில் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்தும் வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. 1988இல் அங்கே ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். அளவு வேறென்றாலும் வேலை ஒன்றுதான். பெரிய ஆய்வகங்களிலும் ஃபிளாட் போன்ற திருத்தப் படங்கள் இல்லாமல் ஒரு வானப் படம் பொதுவாக ஆய்வுக்குப் போகாது. இந்த மலைச்சுற்றில் படமெடுக்க வருகிறவர்கள் வெள்ளை ஃபிளட் லைட் போடாமல் இருப்பது அவர்களுக்கும் நமக்கும் நல்லது.

இரவில் தங்க இடம் பார்க்கும்போது?

குப்பம், பலமநேர் பக்கம் கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் கொல்லைக்குள் வருவதுண்டு. தோட்டத்துக்காரரிடமும் வனத்துறையிடமும் சொல்லாமல் காட்டோரத்தில் உட்காராதீர்கள். காவலுக்கு இருப்பவர்கள் டார்ச் அடிப்பது அவர்கள் பயிருக்காக, உயிருக்காக. ஒரு படம் வீணானால் வீணாகட்டும். மாலையிலேயே போய், தெலுங்கோ தமிழோ தெரிந்த மொழியில், இன்ன இடத்தில் இன்ன வேலைக்காக இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். மழை பெய்த மறுநாள் ஈசல் கிளம்பும்; லேப்டாப் திரையைச் சிவப்புத் தாளால் மூடி, தொலைநோக்கியிலிருந்து தள்ளி வையுங்கள்.

படமெடுத்து முடிந்ததும் கேமராவை என்ன செய்வது?

குளிர்விப்பானை உடனே அணைக்காமல் மென்பொருள் வழியாக மெல்லச் சூடேற்றுங்கள். சென்சார் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வந்தபின் மின்சாரத்தைத் துண்டியுங்கள். மூடியைப் போட்டு, உலர்ந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பையில் வைத்துப் பிறகு பெட்டியில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் படங்களை இரண்டு இடத்தில் நகலெடுத்து, ஃபிளாட் கோப்புறையில் தேதியையும் ஃபில்ட்டர் பெயரையும் எழுதுங்கள்.